புது டிவி வாங்கப் போகும் முன்



நமது டிரஸ்டுக்கு வரும் அழகிய கடன் விண்ணப்பங்களில் காரணம் என்ற இடத்தில் மருத்துவம், படிப்பு, தொழில் என்றுதான் எழுதியிருக்கும். எதிரே உட்கார வைத்து ஒரு டீ கொடுத்துப் பேசினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். சமீபத்தில் ஒரு சகோதரி வந்தார். கணவர் மவ்த்தாகி நான்கு வருடம். வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறார். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு 8,000 ரூபாய் கேட்டிருந்தார். சம்பளம் என்ன, செலவு என்ன என்று எழுதிக்கொண்டே வந்தபோது மாதம் 2,000 ரூபாய் எங்கோ போவது தெரிந்தது. கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். “புள்ளைக பக்கத்து வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே பாக்குதுக பாய். அந்த வீட்டுல ஒரு நா கதவைச் சாத்திட்டாக. அதான் தவணைல எடுத்துட்டேன்” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்று டிவி பார்த்த பிள்ளைகளில் நானும் ஒருவன். தெருவுக்கு ஒரு டிவி இருந்த காலத்தில், கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வந்த தூர்தர்ஷன் படத்தை அடுத்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்து, அத்தாவிடம் அடி வாங்கியவன்.

வீட்டில் டிவி இருக்கலாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது ஹஜ்ரத்மார்கள் சொல்ல வேண்டியது. ஆனால் நமது வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் டிவி இருக்கிறது என்பதும், 2020இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சியை வைத்துத்தான் பல பிள்ளைகள் பாடத்தைத் தொட்டார்கள் என்பதும் நம் கண் முன்னால் உள்ளவை. வாங்குகிறவர் ஏமாறாமல் வாங்க வேண்டும், கடன்படாமல் வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நமது ஊர்ப் பக்கம் ஏழை வீடுகளுக்குள் கலர் டிவி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 2006 தேர்தலில் கலைஞர் கருணாநிதி கொடுத்த வாக்குறுதி. அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் திட்டம் தொடங்கியது. 2011 வரை மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 14 இன்ச் கலர் டிவிகள் கொடுக்கப்பட்டன. அதை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்போது அந்தப் பெட்டிகள் பாதி பழுதாகிவிட்டிருந்தன என்று வேடிக்கையாகச் சொல்வேன். உண்மையில் பல வீடுகளில் பத்து, பன்னிரண்டு வருடம் ஓடின. அந்தப் பெட்டி போன பிறகுதான் நம் மக்கள் முதன்முதலாகத் தாங்களே காசு போட்டு டிவி தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்தார்கள். இலவசமாக வந்ததைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. காசு கொடுத்து வாங்குவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது நமக்குப் பழகவில்லை.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு டேப்பை எடுங்கள். டிவி மாட்டப்போகும் சுவரிலிருந்து நீங்கள் உட்காரும் இடம் வரை எத்தனை அடி என்று அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து, ஆறு அடி என்றால் 32 இன்ச் போதும். ஆறிலிருந்து எட்டு அடி என்றால் 43 வாங்கலாம். பேகம்பூர், நாகல்நகர் சந்துகளில் உள்ள வீடுகளில் முன்னறையே பத்துக்கு எட்டுதான். அதில் பீரோ, தையல் மெஷின் போக மிச்சம் என்ன இருக்கும்? இன்ச் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளப்பது. 32 இன்ச் திரை அகலத்தில் 28 இன்ச், உயரத்தில் 16 இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய 21 இன்ச் குண்டு டிவியின் உயரமே பன்னிரண்டரை இன்ச்தான். ஆகவே “32 சின்னது” என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். கடையில் 55, 65 என்று வரிசையாக நிற்கும்போது 32 கைக்குட்டை மாதிரித் தெரியும். வீட்டுச் சுவருக்கு வந்தால் சரியாகிவிடும்.

அடுத்தது, பலரும் கேட்காத கேள்வி: உங்கள் டிவிக்குள் என்ன படம் வரப்போகிறது? நமது பகுதியில் இன்னும் பெரும்பாலும் கேபிள் பாக்ஸ்தான். அதில் வரும் சாதாரணச் சேனலின் படம் ஏறத்தாழ நான்கு லட்சம் புள்ளிகளால் ஆனது. ஹெச்.டி. ரெடி என்று எழுதிய 32 இன்ச் டிவியில் சுமார் பத்து லட்சம் புள்ளிகள். ஃபுல் ஹெச்.டி.யில் இருபது லட்சம். 4கே என்றால் எண்பத்து மூன்று லட்சம். நான்கு லட்சம் புள்ளியில் வரும் படத்தை எண்பத்து மூன்று லட்சம் புள்ளித் திரையில் விரித்தால் என்ன ஆகும்? நாலு பேருக்கு வைத்த குழம்பில் தண்ணீர் ஊற்றி நாற்பது பேருக்குப் பரிமாறிய கதைதான். படம் கலங்கித் தெரியும். “புது டிவி, முகமெல்லாம் மெழுகு மாதிரி இருக்கே” என்று நம்மிடம் புலம்பியவர்கள் எல்லாம் 43 இன்ச் 4கே வாங்கி, பழைய கேபிள் பாக்ஸை மாட்டியவர்களே. வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, யூடியூபில் பயான், பாடம், மக்காவின் நேரலை என்று பார்ப்பவர்களுக்கு 4கே பயன்படும். கேபிள் மட்டும் பார்ப்பவருக்கு 32 இன்ச் ஹெச்.டி. ரெடி அல்லது ஃபுல் ஹெச்.டி.யே நல்ல படம் தரும், காசும் மிஞ்சும். மாதக் கட்டணமே கட்ட முடியாதவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒருமுறை கொடுப்பதோடு சரி. ஆனால் நம் வீடுகளில் பார்க்கும் தனியார் தமிழ்ச் சேனல்கள் பலவும் அதில் கிடைக்காது. தெரிந்தே வாங்க வேண்டும்.

எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று மூன்று பெயர்களைச் சொல்லிக் குழப்புவார்கள். எல்.இ.டி. டிவி என்பது எல்.சி.டி. திரைக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்கு வைத்தது. கியூ.எல்.இ.டி. என்பதும் அதே குடும்பம்தான், நிறம் கொஞ்சம் அழுத்தமாக வர நடுவில் ஒரு படலம் கூடுதல். ஓ.எல்.இ.டி. தனி ரகம், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். அதன் விலையும் தனி ரகம், நமக்கு இப்போது வேண்டாம். இதைவிட நமக்கு முக்கியமானது பக்கவாட்டுப் பார்வை. நம் வீடுகளில் நேர் எதிரே சோபா போட்டு இரண்டு பேர் பார்ப்பதில்லை. பாயில் ஆறு பேர், அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு ஒருவர், கட்டிலில் பெத்தம்மா என்று எல்லாத் திசையிலிருந்தும் பார்ப்போம். ஐ.பி.எஸ். பேனல் என்றால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஓரத்திலிருந்து பார்த்தால் வெளுக்கும். பெட்டியில் இதை எழுதியிருக்க மாட்டார்கள், விற்கும் பையனுக்கும் தெரியாமல் இருக்கலாம். கவலை வேண்டாம். கடையிலேயே ஒரு ஓரமாகப் போய் நின்று பாருங்கள். பிறகு கூச்சப்படாமல் தரையில் குந்திப் பாருங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், காசு நம்முடையது.

கடையில் ஓடும் படத்தை நம்பாதீர்கள். அது கம்பெனியே கொடுத்த 4கே படம். கிளி, பூ, மலை, அருவி என்று இருக்கும். கூடவே டிவியின் பட அமைப்பை ‘விவிட்’ என்ற நிலையில் வைத்திருப்பார்கள். நிறம் கண்ணைப் பறிக்கும். அதை ‘ஸ்டாண்டர்ட்’ நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு நிக்காஹ் வீடியோவை ஒரு பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். கடையில் கேபிள் இணைப்பு இருந்தால் ஒரு செய்திச் சேனலை வைக்கச் சொல்லிப் பாருங்கள், கீழே ஓடும் எழுத்து உடையாமல் இருக்கிறதா என்று. சத்தத்தையும் கேளுங்கள். மெல்லிசான டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கும். பாட்டு கேட்கும், பேச்சு புரியாது. வீட்டில் காது மந்தமான பெரியவர் இருந்தால் அவரையே கூட்டிப் போவது நல்லது.

ஸ்மார்ட் டிவி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். குறைந்த விலை ஸ்மார்ட் டிவிகளில் ரேம் 1 ஜிபி, சேமிப்பு 8 ஜிபி என்று இருக்கும். முதல் வருடம் நன்றாக ஓடும். அப்புறம் ஆப்கள் பெருத்துக்கொண்டே போக, ரிமோட்டை அழுத்தினால் பிஸ்மி சொல்லி முடித்த பிறகுதான் திரை நகரும். முடிந்தால் ரேம் 1.5 அல்லது 2 ஜிபி உள்ளதாகப் பாருங்கள். மற்றொரு வழியும் உண்டு: ஸ்மார்ட் வசதி இல்லாத சாதாரண டிவியை வாங்கி, பின்னால் ஹெச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஸ்டிக்கை வசதிப்பட்டபோது தனியாக வாங்குவது. ஸ்டிக் பழசானால் அதை மட்டும் மாற்றலாம், டிவியை மாற்ற வேண்டாம். எப்படியானாலும் இரண்டு ஹெச்.டி.எம்.ஐ. துளைகளாவது இருக்க வேண்டும். ஒன்று கேபிள் பாக்ஸுக்கே போய்விடும்.

மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 32 இன்ச் டிவி சுமார் 40 வாட் எடுக்கும். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். 43 இன்ச் 80 வாட் என்று வைத்தால் 24 யூனிட். இலவச யூனிட்டுக்குள் அடங்கி வாழும் சிறு வீடுகளுக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியும். நட்சத்திர முத்திரை ஒட்டியிருந்தால் அதில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து ஒப்பிடலாம்.

இப்போது விலை. 2025இல் 32 இன்ச் ஸ்மார்ட் டிவி ஏறத்தாழ 10,000 முதல் 15,000க்குள்ளும், 43 இன்ச் 18,000 முதல் 30,000க்குள்ளும் கிடைத்தது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 32 இன்ச்சுக்கு 2019 முதலே 18தான். அதில் புதிதாக ஒன்றும் குறையவில்லை. ‘வரி குறைப்புச் சலுகை’ என்று 32 இன்ச் டிவியின் மேல் தாள் ஒட்டியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். பில் கேட்டு வாங்குங்கள், அதில் வரி எவ்வளவு என்று பாருங்கள். பில் இல்லாமல் கொடுத்தால் ஐந்நூறு குறையும் என்பார்கள். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை.

அந்தச் சகோதரியின் தவணைக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். அவர் எடுத்தது 43 இன்ச் டிவி. விலை 24,000, மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு மாதம். “வட்டியே இல்ல பாய், நோ காஸ்ட்னு சொன்னாக” என்றார். பில்லையும் பைனான்ஸ் தாளையும் வாங்கிப் பார்த்தேன். பிராசஸிங் கட்டணம் 700, அதற்கு ஜி.எஸ்.டி. 126. ஆக அவர் கொடுப்பது மொத்தம் 24,826. அதே கடைக்குப் போன் செய்து, ரொக்கம் கொடுத்தால் அதே மாடல் என்ன விலை என்று கேட்டேன். 22,000 என்றார்கள். வித்தியாசம் 2,826. இது சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் அவர் கடனாக எடுத்த பணம் பன்னிரண்டு மாதமும் அப்படியே கையில் இருக்கவில்லை, மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 24 சதவீதம். வட்டிக்கு விடுபவரிடம் நேரே போயிருந்தால் இரண்டு வட்டி என்று சொல்லியிருப்பார். கடையில் அதையே வட்டி இல்லை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இது நான் மட்டும் சொல்வதல்ல. பூஜ்ய வட்டி என்று சொல்லப்படும் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கத் தள்ளுபடியை நமக்குத் தராமல் பைனான்ஸ் கம்பெனிக்குத் தருவது, கட்டணம் என்று ஒன்றைச் சேர்ப்பது, கேட்காமலே இன்சூரன்ஸைச் சேர்ப்பது, இப்படித்தான் அது நடக்கிறது. ஒரு மாதம் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் அதற்குத் தனி அபராதம். அது நேரடியான வட்டி, இதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. சிபில் கணக்கிலும் ஏறிவிடும். நாளை பிள்ளையின் மேற்படிப்புக் கடனுக்கு வங்கிக்குப் போகும்போது அந்த டிவி எதிரே வந்து நிற்கும்.

தவணை என்றாலே ஹராமா என்று சிலர் கேட்டார்கள். கடைக்காரரே தன் சொந்தப் பொருளை, ரொக்கம் என்றால் இவ்வளவு, ஆறு மாதத் தவணை என்றால் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி, இரண்டில் ஒன்றை இருவரும் முடிவு செய்து, பிறகு தாமதமானாலும் ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் விற்றால், அந்த வியாபாரம் கூடும் என்பதே நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பைனான்ஸ் கம்பெனி நடுவில் வரும்போது அது பணத்தைக் கடன் கொடுத்துக் கூடுதலாக வாங்குவது, அது வேறு. உங்கள் தாளை எடுத்துக்கொண்டு போய் ஹஜ்ரத்திடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட எளிதான வழி பெண்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்: ஏலம் இல்லாத, தள்ளு இல்லாத சாதாரணக் குலுக்கல் சீட்டு. பத்துப் பேர், மாதம் ஆயிரம், முறை வரும்போது பத்தாயிரம். 32 இன்ச் டிவி ரொக்கத்துக்கே வந்துவிடும், பேரம் பேசவும் வாய் இருக்கும்.

சீர்வரிசைக்காக டிவி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மஹர் கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. பெண் வீட்டார் கடன்பட்டு 55 இன்ச் டிவி இறக்குவதற்கு நமது மார்க்கத்தில் எந்த இடமும் இல்லை. அதற்கென்று வரும் கடன் விண்ணப்பத்தை டிரஸ்ட் ஏற்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச வேண்டுமென்றால் ஜமாஅத் நிர்வாகிகள் வருவார்கள், அதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

வாரண்டி விஷயத்தில் ஒரே கேள்வி போதும்: “சர்வீஸ் சென்டர் திண்டுக்கல்லிலா, மதுரையிலா? வீட்டுக்கு வருவார்களா?” பெரிய கம்பெனிகளுக்கு ஆள் வருவார்கள். ஆன்லைனில் மலிவாக வரும் சில பெயர்களுக்கு டிவியை நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். நத்தம், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் தங்கள் ஊர் பின்கோடைச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிரபலக் கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி ஒட்டிய டிவிகளும் சந்தையில் உண்டு. டிவியின் பின்புறம் பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலியை போனில் இறக்கி அந்த எண்ணைப் போட்டால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். திரை உடைந்தால் எந்த வாரண்டியும் செல்லாது, புதுப் பேனலின் விலை புது டிவியை நெருங்கும். ஆகவே வரும்போது படுக்க வைத்து எடுத்து வராதீர்கள், நிமிர்த்தியே கொண்டு வாருங்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அணைத்துக்கொண்டு வருவது வேண்டவே வேண்டாம். பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள்.

பழுதாகி, கடையும் கம்பெனியும் மாறிமாறிக் கையை விரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. மனு எழுத டிரஸ்ட் உதவும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்க வேண்டும், கேபிள் அல்லது டிஷ் வயரையும் பிடுங்க வேண்டும். பாதி டிவிகள் மின்னலில் போவது அந்த வயர் வழியாகத்தான். ஸ்டெபிலைசர் எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. இன்றைய டிவிகள் குறைந்த மின்னழுத்தத்தைத் தாங்கும். திடீரென ஏறும் அழுத்தத்தைத் தாங்காது. உங்கள் தெருவில் பல்பு அடிக்கடி பளிச்சென்று எரிந்து போகிறதென்றால் மட்டும் வாங்குங்கள். பழைய குண்டு டிவியைக் கொல்லையில் போட்டு உடைக்காதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பிள்ளைகள் விளையாடும் இடம். எக்ஸ்சேஞ்சில் இருநூறு ரூபாய் கிடைத்தாலும் கொடுத்துவிடுங்கள்.

அந்தச் சகோதரியின் மகளுக்கான கட்டணத்தை டிரஸ்ட் நேரே பள்ளியில் கட்டிவிட்டது. மீதித் தவணை ஏழு மாதம் இருக்கிறது, அவருடைய தம்பி பாதியை ஏற்றுக்கொண்டிருக்கிறார். விசாரணைக்காக வீட்டுக்குப் போயிருந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆறடிக்கும் குறைவான தூரம், கேபிள் படம், ‘விவிட்’ நிறம். ரிமோட்டை வாங்கி ‘ஸ்டாண்டர்ட்’ நிலைக்கு மாற்றிக் கொடுத்தேன். கட்டிலில் இருந்த பெரியம்மா, “இப்பத்தான் மூஞ்சி மூஞ்சியாத் தெரியுது” என்றார்.

கடைக்குப் போகும் முன் கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். முன்னறையின் அளவை எழுதிய சீட்டும், பைனான்ஸ் ஆள் ஏதாவது தாள் கொடுத்திருந்தால் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளும் கொண்டு வாருங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் வருகிறேன்.